ஹைபிரிட்டா, அசலா? பூக்கட்டும், பார்ப்போம்

தொட்டிச் செடி: வாசகர் கேள்விகளுக்கு ஓசூரிலிருந்து ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்

*ஆன்லைனில் 'பத்துச் செடி காம்போ' ஒன்று வாங்கினேன். எல்லாத் தொட்டியிலும் 'எச்செவேரியா' என்றே ஒட்டியிருக்கிறது. அதில் ஒன்று சாம்பலும் ரோஸும் கலந்த ரோஜாப்பூ மாதிரி இருக்கிறது. போனில் படம் எடுத்துத் தேடினால் ஒருமுறை 'கோஸ்ட் பிளான்ட்' என்கிறது, மறுமுறை 'ஃபிரெட் ஐவ்ஸ்', மூன்றாவது முறை 'பெர்ல் ஃபான் நூர்ன்பெர்க்'. எது சரி டீச்சர்? இது ஹைபிரிட்டா, அசல் இனமா?*
வாசகி, திருப்பூர்

போன் மூன்று பெயர் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் எனக்கும் அந்த மூன்று பெயர்தான் வாயில் வருகிறது. சக்குலென்ட் செடியின், அதாவது தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடியின், நிறம் அதன் பிறப்பைச் சொல்வதில்லை, போன மாதம் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் சொல்லும். என் மாடியில் ஒரே தாய்ச்செடியின் இலையிலிருந்து வந்த இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று கிழக்குக் கைப்பிடிச்சுவர் மேல். மார்கழிப் பனியையும் காலை வெயிலையும் வாங்கிக்கொண்டு, முட்டைகோஸ் மாதிரி மூடி, ரோஸ் நிறத்தில் இருக்கிறது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டி நிழலில். பச்சையாக, கழுத்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் இரண்டும் வேறு வேறு செடி என்றுதான் நினைக்கிறார்கள்.

இலையை வைத்துத் தோராயமாக ஊகிக்கலாம். சும்மா விரல் பட்டாலே இலை பொலபொலவென்று கழன்று விழுகிறதா? தண்டு நீண்டு தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கப் பார்க்கிறதா? அப்படியானால் கோஸ்ட் பிளான்ட் பக்கம் சாயலாம். நிமிர்ந்து வளர்ந்து, ஒரு ரோஜாவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிகிறது என்றால் ஃபிரெட் ஐவ்ஸ். இலையில் லேசான ஊதா ஓடி, நுனி சின்ன ஊசிபோலக் கூர்ந்து, அடுக்கு ஒழுங்காக இருந்தால் பெர்ல். ஆனால் இதை வைத்துப் பெயர் எழுதிவிடாதீர்கள். பூக்கட்டும்.

தை, மாசியில் இலை இடுக்கிலிருந்து பூந்தண்டு கிளம்பும். நல்ல வெயிலில் வைத்திருந்தால் சமவெளியிலும் சில சமயம் பூக்கும். பூ வந்ததும் படம் எடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள், ஒரு பூவைத் தியாகம் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செம்பருத்தியை அறுத்துக் காட்டிய அதே சாமான்கள்தான் இன்றைக்கும் என் மேஜையில்: பத்து மடங்கு கைலென்ஸ், தையல் ஊசி, பாதி பிளேடு. பூவை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து வெள்ளைத் தாளில் மல்லாத்தி வையுங்கள்.

எச்செவேரியா என்றால் பூ ஒரு குட்டிக் குடம். ஐந்து இதழும் தடிமனாக, அடியில் ஒன்றோடொன்று ஒட்டி, வாயை மட்டும் கொஞ்சம் திறக்கும். நிறம் பெரும்பாலும் ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள். கிராப்டோபெட்டலம் என்ற இன்னொரு சாதி (சாதி என்றால் உறவான பல இனங்களின் கூட்டம்) நேர் எதிர். நட்சத்திரம் மாதிரி மலர்ந்துவிடும். வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் இதழில் சிவப்பு மசி தெறித்தது போலப் புள்ளிகள் இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், மகரந்தத்தாள்கள் இதழ்களுக்கு நடுவே பின்பக்கம் வளைந்து விழுந்திருக்கும். இந்தப் பின்வளைவை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். கோஸ்ட் பிளான்ட் இந்தச் சாதிதான். அதன் முழுப்பெயரில் 'பராகுவேயன்ஸ்' என்று வரும், ஆனால் அது பராகுவே செடியே அல்ல. மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்துப் பாறைச்செடி. யாரோ பராகுவேயிலிருந்து வந்தது என்று நினைத்து வைத்த பெயர், விதிமுறைப்படி அப்படியே நிலைத்துவிட்டது. ஆக, அசல் இனத்தின் பெயரிலும் தப்பு உண்டு.

இந்த இரண்டையும் கலந்தால் கிராப்டோவேரியா. ஃபிரெட் ஐவ்ஸ் அதில் ஒன்று. அதன் பூவைப் பிளந்தால் குடமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, பாதி திறந்து நிற்கும். அம்மாவின் மூக்கும் அப்பாவின் நெற்றியுமாக இருக்கும் பிள்ளை மாதிரி. பூ இப்படி நடுவில் நின்றால் ஹைபிரிட் என்று தைரியமாகச் சொல்லலாம்.

குண்டுக் குண்டு இலையோடு வரும் பேக்கிஃபைட்டமும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அதன் இதழின் உள்பக்கம் அடியில், இரண்டு மெல்லிய செதில் ஒட்டியிருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஊசியால் மெல்ல நிமிர்த்தி லென்ஸில் பார்க்க வேண்டும். எச்செவேரியாவோடு கலந்த பிள்ளையில் அந்தச் செதில் சுருங்கி, சும்மா பேருக்கு இருக்கும். நான் முதல்முதலாக அந்தச் சுருங்கிய செதிலைக் கண்டுபிடித்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அது வேறு கதை.

இத்தனை சாதிகள் எப்படி இவ்வளவு சுலபமாகக் கலக்கின்றன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஊல் என்ற தாவரவியலாளர் பல பத்தாண்டுகள் இந்த மெக்சிகோக் குடும்பத்தை ஒன்றோடொன்று கலந்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், பேக்கிஃபைட்டம், சீடம் என்ற சாதியில் பல என்று ஏராளமான இனங்கள் நேரடியாகவோ ஒன்றின் வழியாக இன்னொன்றோடோ கலக்கும் என்று காட்டினார். மலையில் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது பள்ளத்தாக்கும் உயரமும் பூக்கும் பருவமும்தான். நர்சரி மேஜையில் அந்தப் பள்ளத்தாக்கு கிடையாது.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பெர்ல் ஃபான் நூர்ன்பெர்க்கும் ஹைபிரிட்தான். ஜெர்மனியின் நூர்ன்பெர்க் ஊரில் ரிச்சர்ட் கிரேசர் என்பவர் உண்டாக்கியது. ஆனால் அதன் அப்பா, அம்மா இரண்டுமே எச்செவேரியா. அதனால் பூவைப் பிளந்தாலும் குடம்தான் வரும். வேறு சாதிக் கலப்பை மட்டுமே பூ காட்டிக்கொடுக்கும். ஒரே சாதிக்குள் நடந்த கல்யாணம் என்றால் லென்ஸ் கைவிட்டுவிடும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு நர்சரியில் 'எச்செவேரியா லவுயி' என்ற சீட்டோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு செடி, 900 ரூபாய். லவுயி மெக்சிகோவின் வஹாக்கா பகுதிச் செடி, ஆல்ஃப்ரெட் லவு என்ற செடி சேகரிப்பாளரின் பெயரால் வந்தது. கோலமாவை அப்பி வைத்தது போல வெள்ளைப் பொடி படிந்து, இலை மொழுமொழுவென்று கூழாங்கல் மாதிரி இருக்கும். நான் வாங்கியதும் வெள்ளையாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் அடியில் மூன்று குட்டி விட்டது. அங்கேதான் சந்தேகம் வந்தது. அசல் லவுயி லேசில் குட்டி விடாது, இலையை வைத்தாலும் லேசில் முளைக்காது. பூந்தண்டில் இருக்கும் குட்டி இலைகளை வைத்தோ விதை போட்டோதான் வளர்க்கிறார்கள். லென்ஸை எடுத்து இலை நுனியைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புக் கூர். லவுயியையும் லிண்ட்சேயானா என்ற இன்னொரு எச்செவேரியாவையும் கலந்த 'லவுலிண்ட்சா' என்று ஒன்று உண்டு, அந்த வகைப் பிள்ளை. நர்சரிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "இதுவும் லவுயிதாம்மா, பெரிய சைஸ் லவுயி" என்றார். சட்டை வாங்கப் போன மாதிரி ஆகிவிட்டது. செடி இன்னும் இருக்கிறது, மாடியிலேயே அழகு அதுதான். 900 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, ஹைபிரிட் என்பதால் அல்ல, சீட்டில் பொய் எழுதியதால்.

ஒரே சாதிக் கலப்பில் கடைசியில் நம்பக்கூடியது பிறப்புச் சீட்டு ஒன்றுதான். எந்த மலையில், யார், எந்த எண்ணில் சேகரித்த செடியின் வழி வந்தது என்ற குறிப்பு இருந்தால் அசல் இனம் என்று ஏற்கலாம். காம்போவில் அந்தக் குறிப்பு வராது. ஆகவே உங்கள் தொட்டியில் இப்போதைக்குப் பெயர் எழுதாதீர்கள். ஐஸ் குச்சியில் பென்சிலால் 'காம்போ, வாங்கிய மாதம், சாம்பல் ரோஸ்' என்று எழுதிச் செருகுங்கள். மார்க்கர் பேனா ஒரு கோடையில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். பூத்ததும், பிளந்த பூவின் படத்தை அனுப்புங்கள்.

*வீட்டில் சிவப்பு அடுக்கு அடினியம் காய்த்தது. விதை போட்டுப் பதினான்கு கன்று வந்தது, இரண்டு வருஷம் காத்திருந்தேன். எல்லாமே ஒற்றை ரோஸ் பூ! தாய்ச்செடியே டூப்ளிகேட்டா மேடம்?*
வாசகர், மதுரை

தாய்ச்செடி டூப்ளிகேட் இல்லை தம்பி. அது பெரும்பாலும் இரண்டு செடி. கழுத்துப் பகுதியைத் தடவிப் பாருங்கள், 'வி' வடிவத்திலோ குறுக்கிலோ ஒரு தழும்பு இருக்கும். தழும்புக்குக் கீழே இருப்பது ஒபீசம் என்ற சாதாரண அடினியம் இனத்தின் விதைக்கன்று, மேலே ஒட்டியது அடுக்குப்பூ ஹைபிரிட். கீழிருந்து துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். விட்டால் இரண்டு கோடையில் கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டையும் பிடித்துக்கொள்வார், உங்கள் சிவப்பு அடுக்கும் ஒற்றை ரோஸாகிவிடும்.

சரி, விதைக்கு வருவோம். அடினியம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். ஏதோ ஒரு பூச்சி மூக்கை நுழைத்து, பக்கத்து மாடியில் எதிலிருந்தோ கொண்டுவந்த தூளைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. அந்த அப்பா யார் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். ஒபீசத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டையும் அரேபியாவும். தென்னாப்பிரிக்கப் பக்கத்து ஸ்வாஸிகம் என்ற இன்னொரு அடினியம் இனத்தோடு கலந்து 'கிரிம்சன் ஸ்டார்' என்ற ஹைபிரிட் வந்தது. அப்புறம் தாய்லாந்துக்காரர்களும் தைவான்காரர்களும் புகுந்து விளையாடிவிட்டார்கள். இன்று நம் கடைகளில் இருக்கும் கலர் அடினியத்தில் எந்த இனம் எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அதன் விதை ஒவ்வொன்றும் ஒரு புதுப் பிள்ளை, தாயின் நகல் அல்ல. அதே பூ வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டுங்கள்.

பதினான்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வயதுக் கன்றின் கிழங்கு நல்ல உருண்டையாகியிருக்கும், ஒட்டுக்கு அதைவிட நல்ல அடிக்கன்று எங்கே கிடைக்கும்? இன்னொரு முறை காய் பிடித்தால், முற்றும்போது நூலால் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாக இருக்கும் அந்தக் காய் வெடித்தால், இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் வைத்த விதைகள் தெருவையே தாண்டிப் பறந்துவிடும். கையால் மகரந்தம் பூசிய பூவின் காம்பில் கலர் நூல் ஒன்றைக் கட்டி, அப்பா பெயரை நோட்டில் குறித்துவிட்டால் அடுத்த தடவை குழப்பம் இருக்காது.

*வரிக்குதிரை மாதிரி வெள்ளைக்கோடு போட்ட செடி வாங்கினேன். ஒரு கடையில் 'ஃபேசியேட்டா', இன்னொரு கடையில் 'அட்டெனுவேட்டா'. ஒன்று ஹைபிரிட்டா?*
வாசகி, நாகர்கோவில்

இல்லை. இரண்டுமே ஹவோர்தியாப்சிஸ் சாதியின் அசல் இனங்கள், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சோதனை ரொம்பச் சுலபம், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். இலையின் உள்பக்கத்தை, அதாவது செடியின் நடுவைப் பார்த்த பக்கத்தை, கட்டைவிரலால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் ஃபேசியேட்டா. அங்கேயும் வெள்ளைக் கொப்புளம் நெருடினால் அட்டெனுவேட்டா. கடைகளில் ஃபேசியேட்டா என்று விற்பதில் அநேகமாக எல்லாமே அட்டெனுவேட்டாதான். சீட்டு எழுதியவர் பழைய சீட்டைப் பார்த்து எழுதியிருப்பார், அவர் அதற்கு முந்தைய சீட்டைப் பார்த்து.

*மாமியார் சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி இலை தினம் ஒன்று சாப்பிடச் சொல்கிறார். எங்கள் மாடியில் இலை ஓரமெல்லாம் குட்டி முளைக்கும் செடி இருக்கிறது. அதுதானே ரணகள்ளி?*
வாசகி, கும்பகோணம்

முதலில் சாப்பிடாதீர்கள், அப்புறம் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ரணகள்ளி இல்லை. ரணகள்ளியின் இலை அகலமாக, ஓரம் அலை அலையாக, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். செடி வளர வளர ஒரே காம்பில் மூன்று, ஐந்து என்று சிற்றிலைகள் வரும். பூக்கும்போது காகிதக்கூண்டு மாதிரி ஊதிய புல்லிவட்டம் தலைகீழாகத் தொங்கும். முக்கியமாக, அதன் இலை பெரும்பாலும் செடியை விட்டு விழுந்து மண்ணில் கிடந்தால்தான் குட்டி போடும். உங்கள் செடியில் இலை செடியிலேயே இருக்கும்போது ஓரப் பற்களில் வரிசையாகக் குட்டி உட்கார்ந்திருக்கிறது.

ரணகள்ளியும் சேர்ந்த கலஞ்சோ சாதியில், இப்படிக் குட்டி சுமக்கும் மூன்றை நம் மாடிகளில் குழப்புகிறோம். இலை அகலமாக, அடியில் ஊதாத் திட்டுகளோடு, ஓரம் முழுக்கக் குட்டி வைத்திருந்தால் டைக்ரிமோன்டியானா. இலை பென்சில் மாதிரி உருண்டு, நுனியில் மட்டும் நாலைந்து குட்டி இருந்தால் டெலகோயென்சிஸ். இரண்டும் மடகாஸ்கரின் அசல் இனங்கள். இலை ஒடுங்கி, படகு மாதிரி நடுவில் மடங்கி, ஓரத்தில் குட்டி இருந்தால் அந்த இரண்டின் பிள்ளை: ஹௌடோனியை. 1930களில் கலிபோர்னியாவில் ஹௌடன் என்பவர் வேண்டுமென்றே கலந்து உண்டாக்கிய ஹைபிரிட். உங்களுடையது அதுதான், இலை மடிப்பு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஹைபிரிட் என்றால் மலடு, பரவாது என்று சிலர் நினைக்கிறார்கள். விதையே தேவையில்லாத செடிக்கு மலடானால் என்ன? இந்தப் பிள்ளை இன்று பல நாடுகளில் அப்பா அம்மாவையே மிஞ்சிக் களையாகப் பரவிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாய் இடுக்கில்கூட மூன்று நிற்கிறது, யார் வைத்தார்கள் என்று தெரியாது.

இதெல்லாம் சேகரிப்பவர்களின் விளையாட்டு என்று விட்டுவிட முடியாத இடம் இதுதான். இந்தக் கலஞ்சோக்களில் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் பஃபாடைஎனோலைடு என்ற நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் டெலகோயென்சிஸ் மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. சாட்சாத் ரணகள்ளியிலும் அந்த வகைப் பொருள் உண்டு. ஆகவே மாடியில் இருப்பதும் வேண்டாம், தேடிப் பிடித்து அசலைத் தின்பதும் வேண்டாம். கல்லுக்கு மருத்துவரைப் பாருங்கள். மாமியாரிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள், பழி என்மேல் இருக்கட்டும். வீட்டில் ஆடு, மாடு, பூனை இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

*பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து வைத்த கள்ளி என்ன ஹைபிரிட்?*
வாசகர், சேலம்

ஹைபிரிட்டே இல்லை. சிவப்புப் பந்து பச்சையம் இல்லாமல் பிறந்த ஜிம்னோகேலிசியம் என்ற ஒரு கள்ளி. தானாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது, அதனால் பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பந்தின் மேல் மஞ்சள் பூ ஒன்று வாடாமல் இருந்தால், நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். பசைத் துப்பாக்கியில் ஒட்டிய காய்ந்த பூவாக இருக்கும். பூ இப்படியென்றால், நீலம், ஊதா என்று கடையில் மின்னும் சக்குலென்ட்களின் நிறமும் பெரும்பாலும் பெயின்ட்தான். புது இலை பச்சையாக வருகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள், போதும்.

*சீட்டில் பெருக்கல் குறியும் ஒற்றை மேற்கோளும் போட்டிருக்கிறதே, எதற்கு?*
வாசகர், புதுச்சேரி

பெருக்கல் குறி இருந்தால் கலப்பு. அது பெயரின் நடுவில் வந்தால் ஒரே சாதிக்குள் இரண்டு இனம் கலந்தது. பெயருக்கு முன்னாலேயே வந்தால் இரண்டு சாதியே கலந்தது, மேலே சொன்ன கிராப்டோவேரியா போல. ஒற்றை மேற்கோளுக்குள் வருவது தோட்டக்காரர் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்த ரகம். அது ஹைபிரிட்டாகவும் இருக்கலாம், அசல் இனத்திலேயே பிடித்ததாகவும் இருக்கலாம், மேற்கோள் மட்டும் அதைச் சொல்லாது. உங்கள் சீட்டில் மூன்றாவதாக 'ரேர் இம்போர்ட்டட்' என்றும் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதற்குத் தாவரவியலில் அர்த்தம் கிடையாது, விலையில் மட்டும்தான்.